பதில் அம்புக்குறியின் பின்னால்

கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது திருப்பூரில் மாலை 6.30. பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் சத்தம் அடங்குகிற அந்த நேரத்தில்தான் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு அடுத்த வேலை தொடங்குகிறது. பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் அலுவலகம் திறந்துவிட்டது. மெயில்கள் வரிசையாக வந்து விழுகின்றன. லேப் டிப்பில் (சாய மாதிரியில்) மூன்றாவது ஷேட் சரி, மற்ற இரண்டையும் திரும்பப் போட்டு அனுப்பவும். கழுத்து ரிப்பின் அகலத்தை அரை சென்டிமீட்டர் குறைக்கவும். புதிய டெக் பேக் (அளவு விவரக் கோப்பு) இணைப்பில் உள்ளது, பழையதைப் பார்க்க வேண்டாம். இந்தக் கடைசி வரி கண்ணில் படாமல் போனால் போதும், மறுநாள் காலையில் பழைய அளவிலேயே கட்டிங் போட்டுவிடுவார்கள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது.

தொழிலின் மற்ற பேச்செல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. நூல் விலை, ஜாப் ஒர்க் கணக்கு, லாரி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அங்கேதான் ஓடுகிறது. பையரோடு உள்ள உறவு மட்டும் இன்னும் மெயிலில்தான் நிற்கிறது. நாளைக்கு ஒரு தகராறு வந்தால் காட்டுவதற்கு எழுத்து வேண்டும், தேதி வேண்டும், யார் யாருக்கு நகல் போனது என்பது தெரிய வேண்டும். கொங்கு நாட்டில் மின்னஞ்சலை இந்த அளவுக்கு நம்பியிருக்கும் தொழில் பின்னலாடை ஏற்றுமதியைப்போல் இன்னொன்று இருக்காது என்றே நினைக்கிறேன்.

மேசைக் கணினியின் முன் உட்கார்ந்தே இந்த வேலையை முடித்துவிட முடியாது. செக்கிங் மேசையில் ஒரு பீஸை விரித்துவைத்து, பையர் அனுப்பிய படத்தைப் பக்கத்தில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கட்டிங் மாஸ்டரிடம் அளவுப் பட்டியலைக் காட்ட வேண்டும். போனில் அந்தப் பட்டியலின் எண்கள் தெரியாது. மடிக்கணினியை ஒரு கையில் தாங்கி நடக்க முடியாது. டேப்லெட் இந்த இடைவெளிக்குப் பொருந்தி வருகிறது. ஆனால் அதில் ஓடும் மெயில் செயலி பிறந்தது மவுஸுக்கும் கீபோர்டுக்கும். அதை விரலுக்காக மாற்றி வடிவமைப்பது எப்படி, அதற்கு யாரிடம் கேட்பது, அவர்கள் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். இதற்குள் உடலியல் இருக்கிறது, உளவியல் இருக்கிறது, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

முதலில் திரை. 2010 ஏப்ரல் 3 அன்று ஐபேட் விற்பனைக்கு வந்தபோது அதன் மெயில் செயலி ஒரு தீர்வோடு வந்தது. கருவியைக் குறுக்குவாட்டில் பிடித்தால் இடப்பக்கம் கடிதங்களின் பட்டியல், வலப்பக்கம் திறந்த கடிதம். நெடுக்குவாட்டில் பிடித்தால் கடிதம் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பட்டியல் மேலே ஒரு மூலையில் உள்ள பொத்தானுக்குள் போய்விடும். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கூகுள் டேப்லெட்டுக்கென்றே ஆண்ட்ராய்டு 3.0 பதிப்பை வெளியிட்டது. செயலியின் திரையைத் தனித்தனித் துண்டுகளாக எழுதிவைத்து, போனில் ஒன்றன்பின் ஒன்றாகவும் டேப்லெட்டில் பக்கம் பக்கமாகவும் அடுக்கிக்கொள்ளும் வழியை நிரல் எழுதுவோருக்கு அது கொடுத்தது. ஜிமெயிலின் இரட்டைப் பலகம் அதில்தான் அமைந்தது.

இரட்டைப் பலகம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. பட்டியல் கண்முன் இருந்தால் அடுத்த கடிதத்துக்குத் தாவுவது எளிது. ஆனால் நீண்ட கடிதத்தையும் அகலமான அளவுப் பட்டியலையும் படிப்பவருக்கு அந்தப் பலகம் இடத்தை அடைக்கிறது. ஜெஸ்ஸி வின்சென்ட் 2008இல் தொடங்கிய கே-9 மெயில் என்ற திறமூலச் செயலி இந்த இழுபறியை ஓர் அமைப்பாகவே வைத்துவிட்டது: இரட்டைப் பலகம் எப்போதும் வேண்டும், ஒருபோதும் வேண்டாம், குறுக்குவாட்டில் பிடிக்கும்போது மட்டும் வேண்டும் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பயனர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும்போது இது நேர்மையான வழி. ஆனால் ஒவ்வொரு இழுபறிக்கும் ஓர் அமைப்பு வைத்துக்கொண்டே போனால், அமைப்புகளின் பக்கமே ஒரு காடாகிவிடும். அதனால் இந்த மருந்தை மிகக் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். அதே கே-9 மெயில் 2021இல் தன் முகத்தையே மாற்றிப் புதிய பதிப்பை வெளியிட்டபோது, பழைய கணக்குப் பட்டியல் திரை எங்கே என்று கேட்டு நீண்டநாள் பயனர்கள் பலர் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு அது தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியின் குடும்பத்தில் சேர்ந்தது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் வந்தது அதன் அடித்தளத்தின் மேல்தான்.

அடுத்தது விரல். மவுஸின் அம்பு முனை ஒரே ஒரு புள்ளி. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியின் அகலம் சுமார் 16 முதல் 20 மில்லிமீட்டர். திரையில் அழுந்தும் பரப்பு அதைவிடச் சிறியது என்றாலும், தொடும் கணத்தில் விரலே இலக்கை மறைத்துவிடுகிறது. மவுஸில் இல்லாத சிக்கல் இது: குறிபார்க்கும் கருவியே குறியை மூடுகிறது. 2006இல் பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஒற்றைக் கைக் கட்டைவிரலை வைத்து நடத்திய சோதனையில், தனிப் பொத்தானை நம்பிக்கையோடு தொட அது 9.2 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்று கண்டார்கள்.

இதை ஐபேட்டில் பொருத்திப் பார்க்கலாம். பொத்தானுக்குக் குறைந்தது 44 புள்ளி வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. முதல் ஐபேட்டில் ஓர் அங்குலத்துக்கு 132 புள்ளிகள். 44ஐ 132ஆல் வகுத்தால் மூன்றில் ஓர் அங்குலம். அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். 2012இல் ஐபேட் மினி வந்தது. அதே 1024க்கு 768 புள்ளிகளை 9.7 அங்குலத்திலிருந்து 7.9 அங்குலத் திரைக்குள் சுருக்கியது. அங்கே ஓர் அங்குலத்துக்கு 163 புள்ளிகள். அதே 44 புள்ளிப் பொத்தான் இப்போது 6.9 மில்லிமீட்டர். ஒரு நிரல்வரிகூட மாறவில்லை. ஆனால் பெரிய ஐபேட்டில் சரியாக விழுந்த விரல் சின்ன ஐபேட்டில் பக்கத்துப் பொத்தானில் விழ வாய்ப்பு கூடிவிட்டது. செயலி சரியில்லை என்று ஒருவர் சொல்லும்போது எந்தக் கருவியில் பார்த்தார் என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

விரலின் ஈரமும் கணக்கில் சேரும். இன்றைய தொடுதிரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவதால் திரையின் மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை உணர்கின்றன. 1965இல் இங்கிலாந்தின் மால்வர்னில் இ.ஏ. ஜான்சன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக முன்வைத்த கருத்து இது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். சாயப்பட்டறையிலிருந்து ஈரக்கையோடு வருபவர் தொட்டால் திரைக்கு எது விரல், எது துளி என்று குழப்பம் வருகிறது. நம் அரசின் மலிவு விலை ஆகாஷ் டேப்லெட் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. 2011 அக்டோபர் 5 அன்று வெளியான முதல் ஆகாஷில் அழுத்தத்தை உணரும் மலிவான திரை. அழுத்தி அழுத்தித் தொட வேண்டும். திரை மந்தம், ப்ராசஸர் மந்தம், மின்கலம் சீக்கிரம் தீர்கிறது என்று பயன்படுத்தியவர்கள் சொன்னார்கள். 2012 நவம்பர் 11 அன்று வந்த ஆகாஷ் 2இல் திரையின் வகையே மாறியிருந்தது. 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸரின் இடத்தில் 1 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் இருந்தது. விலை குறைவு என்பதற்காகக் கை எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தது தவறு என்பதை ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்திலேயே அந்தத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பொத்தானின் அகலமும் தூரமும் சேர்ந்து கையின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்று 1954இல் கணக்காகக் காட்டியவர் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். இரண்டு உலோகத் தகடுகளை ஓர் எழுத்தாணியால் மாறி மாறித் தொடச் சொல்லி, தகடுகளின் அகலத்தையும் இடைவெளியையும் மாற்றி மாற்றி அளந்தார். தூரம் கூடக்கூட நேரம் கூடும், அகலம் கூடக்கூட நேரம் குறையும். ஆனால் நேர்விகிதத்தில் அல்ல, மடக்கை விகிதத்தில். தூரத்தை இரட்டித்தாலும் அகலத்தைப் பாதியாக்கினாலும் கைக்கு ஆகும் கூடுதல் நேரம் ஒன்றுதான். டேப்லெட்டின் வலது ஓரத்தைக் கட்டைவிரலால் பிடித்திருப்பவருக்கு இடது மேல் மூலை ஏன் அவ்வளவு தொலைவாகத் தெரிகிறது என்பதை இந்த விதி விளக்கிவிடுகிறது.

ஃபிட்ஸின் இன்னொரு ஆய்வை வடிவமைப்பாளர்கள் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் செய்த பிழைகளை அவரும் ஜோன்ஸ் என்ற ஆய்வாளரும் திரட்டி 1947இல் அறிக்கை எழுதினார்கள். மொத்தம் 460 பிழைகள். ஒரு நெம்புகோலை இன்னொன்றாக எண்ணி இழுத்ததுதான் அவற்றில் பெரிய வகை. விமானி கவனக்குறைவானவர் என்று எழுதி மூடிவிடுவதே அதுவரை வழக்கம். ஃபிட்ஸும் ஜோன்ஸும் விமானியை விட்டுவிட்டு நெம்புகோல்களைப் பார்த்தார்கள். ஒரே உருவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு விமானத்தில் ஒரு வரிசை, மற்றொன்றில் வேறு வரிசை. ஆளை மாற்றிப் பயனில்லை, நெம்புகோலை மாற்ற வேண்டும் என்ற முடிவு அங்கிருந்து வந்தது. மெயிலைத் தவறுதலாக அழித்துவிட்டு, தனக்குத்தான் கணினி தெரியவில்லை என்று வெட்கப்படும் ஒவ்வொருவருக்கும் இந்த அறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

இப்போது 2019க்கு வருவோம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் தன் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பை வெளியிட்டபோது மெயில் செயலியின் கருவிப்பட்டையை மாற்றியது. அதற்கு முன் கடிதத்தைத் திறந்தால் கொடியிடுவது, கோப்புறைக்கு நகர்த்துவது, அழிப்பது, பதில் எழுதுவது, புதுக் கடிதம் தொடங்குவது எல்லாம் தனித்தனிப் பொத்தான்களாகக் கண்முன் இருந்தன. புதிய பதிப்பில் இவற்றில் பல மறைந்தன. கோப்புறைக்கு நகர்த்த வேண்டுமா? பதில் எழுதும் அம்புக்குறியைத் தொட வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு தட்டு எழும். அதில் நகர்த்தும் வழி இருக்கும். திரை துப்புரவாகத் தெரிந்தது. படமாகக் காட்டினால் அழகுதான்.

தினமும் நூறு கடிதங்களைக் கோப்புறை கோப்புறையாகப் பிரித்துவைப்பவருக்கு என்ன ஆயிற்று என்று யோசியுங்கள். ஒரு தொடுதல் இரண்டாயிற்று, சில சமயம் தட்டை மேலே தள்ளித் தேடவும் வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக ஒரே இடத்தைத் தொட்டுப் பழகிய கை, கண் பார்ப்பதற்கு முன்பே அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. இந்த நினைவு சொற்களால் ஆனதல்ல. மிதிவண்டி ஓட்டுவதும் தட்டச்சு செய்வதும் எங்கே சேமிக்கப்படுகின்றனவோ அந்த வகை நினைவு. பொத்தானை நகர்த்தினால் அந்தக் கை நினைவு முழுவதும் எதிரியாக மாறுகிறது. புதிதாக வருபவர் வழியைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். பழகியவர் தவறான இடத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பார். பழக்கம் அதிகமாக அதிகமாகத் துன்பமும் அதிகம்.

2020 மார்ச் 24 அன்று 13.4 பதிப்பு வந்தது. அழிக்க, நகர்த்த, பதில் எழுத, புதுக் கடிதம் தொடங்க என்று நான்கு பொத்தான்களும் கடிதப் பக்கத்தில் எப்போதும் கண்ணில் தெரியும்படி திரும்ப வந்துவிட்டன. அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலேயே மெயிலுக்கான மாற்றமாக இதைத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். இடையில் ஆறு மாதம். இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் பயனர்கள் பழகியிருப்பார்கள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அடிக்கடி செய்யும் வேலையை அரிதாகச் செய்யும் வேலைகளோடு ஒரே தட்டில் அடுக்கியது அடிப்படையான பிழை. காலம் அதை ஆற்றாது.

பயனர்கள் சொல்வதைக் கேட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று இதிலிருந்து முடிவெடுக்கத் தோன்றும். அங்கேதான் கடினமான பகுதி தொடங்குகிறது.

பெங்களூருவில் ஆய்வாளர் நிக்கோலா டெல்லும் மைக்ரோசாஃப்ட் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சிலரும் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2012இல் வெளிவந்தது. 450 நேர்காணல்கள். ஒரே மாதிரியான இரண்டு வீடியோக்களைக் காட்டி, ஒன்று நேர்காண்பவரே உருவாக்கிய தொழில்நுட்பம் என்ற எண்ணத்தைக் கேட்பவர் மனதில் ஏற்படுத்தி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். எதிரில் இருப்பவர் செய்தது என்று நினைத்ததைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 2.5 மடங்கு கூடியது. கேட்டவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு வந்த வெளிநாட்டு ஆய்வாளர் என்றால் 5 மடங்கு. வேண்டுமென்றே தரத்தைக் கெடுத்த பொருளைக்கூட, அது எதிரில் இருப்பவருடையது என்றால் பிடித்திருக்கிறது என்றார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. வந்தவர் மனம் நோகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் தன் கைவேலையை நீட்டி, “எப்படிங்க இருக்குது?” என்று கேட்டால், “நல்லாத்தானுங்க இருக்குது” என்றுதான் பதில் வரும். முகத்துக்கு நேரே குறை சொல்வது இங்கே மரியாதை இல்லை. கோவை சரவணம்பட்டியில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் இளைஞர் திருப்பூருக்கு வந்து தன் செயலியைக் காட்டிக் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்டு திரும்பினால் அவர் திரட்டியது தகவல் அல்ல, விருந்தோம்பல்.

கருத்துப் படிவம் இதற்கு மாற்றாகாது. கோவையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பாப்பநாயக்கன்புதூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலை நாப்கின் செய்ய முயன்ற தொடக்க ஆண்டுகளில் பயனரின் கருத்துதான் அவருக்குக் கிடைக்காத பொருள். மாதம் ஒரு முறைதான் சோதிக்க முடியும். வீட்டுப் பெண்கள் பேசத் தயங்கினார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகள் கூச்சமில்லாமல் எழுதிக்கொடுப்பார்கள் என்று எண்ணி அவர்களுக்கு நாப்கினும் கருத்துத் தாளும் கொடுத்தார். ஒருநாள் தாள்களை வாங்கப் போனபோது மூன்று மாணவிகள் உட்கார்ந்து எல்லோருடைய தாளையும் தாங்களே நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் படிவத்தை நம்பவில்லை. கால்பந்தின் ரப்பர் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தார், மிதிவண்டி ஓட்டினார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று அவர் கண்டறிந்து, அதைப் பிரித்து அமுக்கும் எளிய இயந்திரத்தை வடிவமைத்து, 2006இல் சென்னை ஐஐடியில் காட்டினார். 2016இல் பத்மஸ்ரீ வந்தது. பயனரைக் கேட்பதற்கும் பயனராக இருப்பதற்கும் உள்ள தூரத்தை அவரைப்போல் உடலால் அளந்தவர் மென்பொருள் உலகில் யாரும் இல்லை.

அப்படியென்றால் மெயில் செயலியை மாற்ற வருபவர் என்ன செய்யலாம்? “எப்படி இருக்குது” என்று கேட்காமல் ஒரு வேலையைக் கொடுக்கலாம். “நேத்து பையர் அனுப்புன புது டெக் பேக்கைத் தேடி எடுத்து, கட்டிங் மாஸ்டருக்கு அனுப்பிவிடுங்க. நான் பக்கத்துல இருக்கறதையே மறந்துருங்க.” அதன்பிறகு வாயை மூடிக்கொண்டு விரலைப் பார்க்க வேண்டும். எங்கே தயங்கி நிற்கிறது, எந்த இடத்தை முதலில் தொட்டது, எத்தனை முறை பின்னால் போனது, டேப்லெட்டை மேசையில் வைத்தாரா கையிலேயே பிடித்திருந்தாரா என்பதையெல்லாம் குறிக்க வேண்டும். உதவிக்குக் கை நீட்டக்கூடாது. எழுதியவருக்கு இது மிகவும் கடினம். தான் வைத்த பொத்தானை ஒருவர் பார்க்காமலேயே கடந்துபோவதைச் சும்மா இருந்து பார்க்க மனம் ஒப்பாது. அந்த ஒப்பாத நிமிடங்களில்தான் உண்மை கிடைக்கிறது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. யாக்கோப் நீல்சன், தாமஸ் லேண்டவர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து, ஒரு பயனரைப் பார்த்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடுகின்றன என்றார்கள். முதல் ஆளின் கண்ணில் படாதது 69 சதவீதம். இரண்டாம் ஆளுக்கும் படாதது அதில் 69 சதவீதம். இப்படி ஐந்து முறை பெருக்கினால் மிச்சம் 16 சதவீதத்துக்குள். ஐந்து பேர் போதும் என்ற பிரபலமான விதி இங்கிருந்து வந்தது. ஆனால் அந்த ஐவரும் ஒரே மாதிரி வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் ஒரு வகை. மெயிலை நாளுக்கு ஒரு முறை திறந்து எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்க்கும் முதலாளி வேறு வகை. படம் மட்டும் பார்க்கும் டையிங் மாஸ்டர் மூன்றாம் வகை. ஐந்து முதலாளிகளைப் பார்த்துவிட்டு வடிவமைத்தால் மெர்ச்சண்டைசரின் கை படும் பாடு தெரியவே தெரியாது. வாங்குவது என்னவோ முதலாளிதான் என்பதால் இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது.

பயனர் கேட்கும் தீர்வையும் அப்படியே கொடுத்துவிடக் கூடாது. தவறுதலாக மெயில் அழிந்துபோகிறது என்பவர், “அழிக்கட்டுமான்னு ஒருதடவ கேட்டுட்டு அழிக்கச் சொல்லுங்க” என்பார். கேட்பது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டால், சில நாளில் கை கேள்வியைப் படிக்காமலேயே ‘ஆம்’ என்று தொடப் பழகிவிடும். தவறுதலாக அழிக்கும்போதும் அதே வேகத்தில் ‘ஆம்’ விழும். நோயாளி சொல்லும் வலி உண்மை, அவர் கேட்கும் மாத்திரை வேறாக இருக்கலாம். இங்கே சரியான மருந்து, உடனே அழித்துவிட்டு, சில நொடிகள் ‘மீட்டெடு’ என்ற வழியைத் திரையில் நிறுத்திவைப்பது. அனுப்பிய மெயிலை நிறுத்தும் வசதியை ஜிமெயில் 2009இல் சோதனையாகத் தொடங்கி 2015இல் எல்லோருக்கும் நிலையாகக் கொடுத்தது இந்த அறிவால்தான். நம் கை தவறும் என்பதை ஒப்புக்கொண்டு, தவறிய பிறகு அது சில விநாடிகள் தருகிறது.

கடைசியாகத் தமிழ். ஆங்கிலத்தில் பையருக்கு எழுதினாலும், உள்ளே ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகும் மெயிலின் பொருள் வரியைத் தமிழில் எழுத விரும்புகிறவர்கள் உண்டு. டேப்லெட்டின் குறுகிய பட்டியல் பலகத்தில் பொருள் வரி நீளமாக இருந்தால் செயலி அதை வெட்டும். எங்கே வெட்டுகிறது என்பதில்தான் ஆபத்து. ‘கோயம்புத்தூர்’ என்பது நமக்கு 7 எழுத்து. ஒருங்குறியில் அது 13 குறிகள். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. யூடிஎஃப்-8 முறையில் 39 பைட்டுகள். குறிகளை எண்ணி வெட்டும் நிரல் ‘த்’ எழுத்தின் புள்ளியை விட்டுவிட்டு ‘த’ என்று நிறுத்தும். பைட்டுகளை எண்ணி வெட்டும் நிரல் ஓர் எழுத்தையே உடைத்துப் பொருளற்ற கட்டமாக்கும். ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது. ஐபேட் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அடித்தளம் அன்றே கிடைத்துவிட்டது. அதன்மேல் எழுத்துக்களை எழுத்துக்களாக எண்ணும் வேலை நிரல் எழுதுபவருடையது. பொத்தானின் பெயருக்கும் இது பொருந்தும்: ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த கட்டத்தில் ‘கோப்புறைக்கு நகர்த்து’ என்பது அடங்காது; கடைசியில் மூன்று புள்ளிகளாக முடியும். தமிழைக் கடைசியில் மொழிபெயர்த்துச் செருகாமல், முதல் வரைவிலேயே தமிழ்ச் சொல்லை வைத்துக் கட்டத்தை அளப்பதுதான் இதற்கு வழி.

மெயில் செயலிகளைத் தமிழ்நாட்டிலேயே எழுதுகிறார்கள். ஜோஹோ மெயில் நம் ஊர்ப் பொறியாளர்களின் வேலை. கோவையிலிருந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். அந்தத் தூரம் போய் ஒரு மாலை முழுவதும் ஒரு மெர்ச்சண்டைசரின் விரலைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஒதுக்குங்கள் என்று வடிவமைப்பாளர்களை வேண்டிக்கொள்கிறேன்.

படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு செயலி உங்களை அலைக்கழித்தால், அதன் கருத்துப் பெட்டியில் ‘நன்றாக இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கருவி, நெடுக்கில் பிடித்தீர்களா குறுக்கிலா, என்ன வேலையை முடிக்கப் பார்த்தீர்கள், விரல் எந்த இடத்தில் நின்றுபோனது என்று நான்கு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.